பாம்பில்லாத தீவின் சட்டைகள்

பெரிய தீவில் ஒரு பாம்புகூட மிச்சமில்லை என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட 1989ஆம் வருஷத்தில், பெர்ஃபெக்டா நொராலெஸ் அங்கிருந்து இருநூற்றுப் பதினோரு பாம்புச் சட்டைகளைக் கொண்டுவந்தாள். பழைய சட்டைகள் அல்ல. ஒரு மழைக்காலம் கண்டால் பாம்புச் சட்டை பொடிப்பொடியாகிவிடும் என்பது கொச்சினோஸ் தீவுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவை ஈரம் காயாதவை, தொட்டால் விரலில் ஒட்டுகிறவை. காலையில் போனால் மேட்டுக்காட்டின் ஓக் மரங்களிலும் துறைக்கு மேலே நிற்கும் வாதாமரத்திலும் தொங்கின. பாம்பு இருந்தால் எலி இவ்வளவு துள்ளாது. எலிகளோ பட்டப்பகலில் தென்னையில் ஏறி, இளநீரில் ஓட்டை போட்டுக் குடித்துக்கொண்டிருந்தன. ஆகவே பாம்பு இல்லை, சட்டை மட்டும் வந்தது. அந்த வருஷம் மண்ணெண்ணெய் விலையும் ஏறியது. திட்டில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

திட்டு என்பது பெரிய தீவுக்கு எதிரே, தோணி வலித்தால் அரைமணியில் போய்ச் சேரும் மணல்மேடு. காரிஃபுனா ஜனங்கள் நாற்பது குடும்பம், ஓலைக் கூரை, கிணறு கிடையாது. பாம்புகள் பெரிய தீவில்தான் இருந்தன. விஷமில்லாத பாம்பு; பகலில் சங்கின் உள்பக்கம் போல வெளிர் ரோஜா நிறம், பொழுது சாய்ந்தால் கொஞ்சம் கறுக்கும். யாரையும் ஒன்றும் செய்ததில்லை. 1979இல் கரையிலிருந்து, லா சேய்பா துறைமுகத்திலிருந்து, ரிகோபெர்த்தோ என்கிற வியாபாரி மாவுச் சாக்குகளோடு வந்து இறங்கினார். தோன் ரிகோ என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். இந்தப் பாம்பைக் கண்ணாடிப் பெட்டியில் விட்டு, மேலே விளக்குப் போட்டு, வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ள அமெரிக்காவில் ஆள் இருக்கிறது என்றார். திட்டு ஜனங்கள் சிரித்த சிரிப்பில் நாய்கள் குரைத்தன. பிறகு அவர் விலையைச் சொன்னார்: ஒரு பாம்புக்கு நான்கு லெம்பிரா, அன்றைக்கு ஒரு கோழியின் விலை. சிரிப்பு நின்றது.

ஆண்கள் கடலுக்குப் போய்விடுவதால் பிடிக்கப் போனது பெண்கள். வேலை சுலபம். பகலில் பாம்பு கிளையில் சுருண்டு தூங்கும். ஒருத்தி கிளையை உலுக்க, ஒருத்தி பாவாடையை விரித்துப் பிடிக்க, பொத்தென்று விழும், சாக்கில் போடு. பெர்ஃபெக்டாவுக்கு உலுக்கக்கூட வேண்டாம். கிளையைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும், கையை நீட்டி எடுத்துவிடுவாள். மீன்பிடிக்கப் போன கணவன் கடலோடு போன பிறகு அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது இந்தக் கையால்தான். ஒன்பது வருஷத்தில் பெட்டி பெட்டியாகப் போயிற்று. கடைசியில், 1988இல், பதினொரு பெண்கள் பதினேழு நாள் தேடியதில் ஒன்றே ஒன்று கிடைத்தது, வயிற்றில் குட்டியோடு. "இதை விட்டுருவோமா?" என்றாள் ஒருத்தி. பெர்ஃபெக்டாதான் அதையும் சாக்கில் போட்டாள். ஏன் போட்டாய் என்று பிற்பாடு யார் கேட்டாலும் அவளுக்குக் கோபம்தான் வரும்.

அவளுக்கு ஒரே மகன், அன்செல்மோ. பாம்புப் பெட்டிகளோடு அமெரிக்காவின் டாம்பா துறைமுகத்துக்குப் போகும் கப்பலில் 1984இல் அவனுக்கு வேலை கிடைத்தது. பெட்டிகள் மேல் தண்ணீர் தெளிக்க வேண்டும், குளிர் தாக்காமல் படுதா போட வேண்டும், அவ்வளவுதான். டாம்பாவில் பெட்டிகள் இறங்கின, அன்செல்மோவும் இறங்கினான், கப்பல் அவனில்லாமல் திரும்பியது. முதலில் மூன்று கடிதம் வந்தது. நாலாவது நியூயார்க்கிலிருந்து, பிராங்ஸ் பகுதியில் பனியில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற ஒரு போட்டோவோடு. அது 1986. அதோடு சரி. பிராங்ஸில் காரிஃபுனாக்காரர்கள் இங்கே இருப்பதைவிட அதிகம் என்பார்கள். அங்கிருந்து விடுமுறைக்கு வந்த ஒவ்வொருவரையும் அவள் மடக்கிக் கேட்டாள். ஒருவன் பார்த்ததாகச் சொன்னான், ஆனால் அவன் ரம் வாங்கிக் கொடுத்தால் எதையும் பார்த்ததாகச் சொல்கிற ஆள்.

கடிதம் நின்றதிலிருந்து பெர்ஃபெக்டாவுக்கு ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டாள். மணல்திட்டில் மணலைப் பெருக்கினாள், பெருக்கிய மணலைத் திரும்பக் கொண்டுவந்து போட்டாள். தோணியை எடுத்துக்கொண்டு பெரிய தீவுக்குப் போவாள், போன காரியம் மறந்து வருவாள், வந்ததும் ஞாபகம் வந்து மறுபடி போவாள். அப்படி ஓயாமல் போய் வந்ததில்தான் அவள் கண்ணில் சட்டைகள் பட்டன. வேறு யாராவது முதலில் பார்த்திருந்தால் பயந்துபோய் மெழுகுவத்தி ஏற்றியிருப்பார்கள்.

சட்டைகள் எங்கிருந்து வருகின்றன என்பதை அவள் கண்டுபிடித்தது ஒரு வால்நுனியால். 1984இல் அவளுடைய வெட்டுக்கத்தி தவறிப் பட்டு ஒரு பாம்பின் வாலில் சுண்டுவிரல் நுனியளவு போய்விட்டது. மொட்டை வாலோடுதான் அது அன்செல்மோவின் கப்பலில் ஏறியது. இப்போது வாதாமரத்தில் மொட்டை வாலோடு ஒரு சட்டை. இரண்டு மாதம் கழித்து இன்னொன்று, அதே மொட்டை வால், முன்னதைவிட ஒரு சாண் நீளம். அப்புறம் இன்னொன்று. நம் காட்டில் எந்தப் பாம்பும் அந்தக் கனம் கனத்ததில்லை. சட்டையின் மடிப்பில் மரச்சுருள் ஒட்டியிருந்தது. ஒரு தடவை இங்கிலீஷ் பேப்பரின் மூலை ஒன்று, அதில் பாதி மாட்டின் படமும் ஒரு விலையும். பெர்ஃபெக்டாவுக்கு விளங்கிவிட்டது. அவை அங்கேதான் இருக்கின்றன, விளக்குக்கு அடியில், எலிக்குஞ்சு தின்றுகொண்டு. சட்டையை மட்டும் இங்கே வந்து கழற்றிப் போட்டுவிட்டுப் போகின்றன.

செய்தி லா சேய்பாவுக்குப் போனது, தோன் ரிகோ புது மோட்டார் படகில் பறந்து வந்தார்.

"சட்டை இருந்தா பாம்பு இருக்கணும். எங்க ஒளிச்சு வெச்சிருக்கே? உண்மையைச் சொல்லு."

"என் பாவாடைக்குள்ளதான். வந்து தேடுங்க தோன் ரிகோ, உங்க பொண்டாட்டிகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

"விளையாடாதே பெர்ஃபெக்டா. இப்ப ஒண்ணுக்கு நாப்பது லெம்பிரா தர்றேன்."

"நானூறு குடுங்க. இல்லாததுக்கு என்ன வெலையா இருந்தா என்ன? நான் கேக்கறதுக்கு முதல்ல பதில் சொல்லுங்க. என் பிள்ளை எங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்? பாம்புக்குத்தான் ரசீது இருக்கு, ஆளுக்கு இல்லை."

கரையிலிருந்து கூலிக்கு வந்த பன்னிரண்டு ஆட்கள் ஒரு வாரம் தீவைப் புரட்டிப் போட்டார்கள். தேள் கொட்டியது நாலு பேரை, கிடைத்த பாம்பு ஒன்றும் இல்லை. எட்டாம் நாள் தோன் ரிகோ ஒரு சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, வாயில் வந்ததையெல்லாம் திட்டி, படகை ஓட்டிக்கொண்டு போனார். அதற்கப்புறம் ஐஸ் வியாபாரத்தில் இறங்கி நன்றாகவே இருந்தார் என்று கேள்வி.

பெர்ஃபெக்டா ஒவ்வொரு பாம்பின் சட்டையையும் தனித்தனிக் கட்டாகக் கட்டிக் கூரை விட்டத்தில் தொங்கவிட்டாள். ஒரு விஷயம் அவளுக்குப் பிடிபட்டது. சில கட்டுகள் வளர்ந்துகொண்டே போயின. சில ஒரு நாளில் நின்றுவிட்டன. அந்தப் பாம்பு செத்துவிட்டது என்று அர்த்தம். உயிரோடு இருப்பதுதானே சட்டை உரிக்கும்? மொட்டை வால் வரும்போதெல்லாம் அவள் முகம் தெளியும். அதுவும் அவனும் ஒரே கப்பல். அது நன்றாயிருந்தால் அவனும் நன்றாயிருப்பான் என்று அவளாகவே ஒரு கணக்குப் போட்டிருந்தாள். அசட்டுத்தனம்தான். பெற்ற வயிறு, என்ன செய்யும்?

அப்போதுதான் கனவு வந்தது. மத்தியானம், ஊஞ்சல்கட்டிலில் கண்ணயர்ந்த நேரம். அன்செல்மோ வாசலில் நின்று இரண்டு கையாலும் உடம்பைப் பறட்டுப் பறட்டென்று சொறிகிறான். "அம்மா, எரியுது. தண்ணி ஊத்து" என்கிறான். அடுத்த வாரமும் வந்தான். அதற்கடுத்த வாரமும்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று மற்ற ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. காரிஃபுனாக்களுக்குச் செத்தவர்கள்தான் கனவில் வந்து குளிக்கத் தண்ணீர் கேட்பார்கள். கேட்டால் முற்றத்தில் குழி தோண்டி, ஓலைத் தட்டி கட்டி, அவர்கள் உடுத்திய துணியை எடுத்து வைத்து, நல்ல தண்ணீர், கடல்தண்ணீர், மரவள்ளி துருவிப் பிழிந்த தண்ணீர் மூன்றையும் உறவுக்காரர்கள் ஊற்ற வேண்டும். ஊற்றாவிட்டால் செத்தவர் வீட்டில் ஒருவரைப் பிடித்துக்கொள்வார். சரியாக அந்த மாதம்தான், பக்கத்து வீட்டில் இருக்கும் நாத்தனார் குதேலியாவின் இடது கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியது.

"உன் மகன்தான் மதினி என் காலைப் பிடிச்சுத் தொங்கிட்டிருக்கான். தண்ணிய ஊத்தி விட்டுரு."

"வாயைக் கழுவுடி. உயிரோட இருக்கிற பிள்ளைக்கு எவளாவது செத்தவன் தண்ணி ஊத்துவாளா?"

"உயிரோட இருக்கிறவன் கடுதாசி போடுவான். செத்தவன்தான் கனவுல வருவான்."

"உங்கண்ணன் செத்து பத்து வருஷமாச்சு. ஒரு நாளாவது வந்தாரா?"

"உங்கிட்ட வர அவனுக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

விவகாரம் சபீனோவிடம் போனது. சபீனோ பூயே, அதாவது செத்தவர்களோடு பேசித் தருகிறவர். படகு என்ஜின் ரிப்பேரும் அவர்தான். கையில் கிரீஸோடு கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் இருந்தார்.

"கூப்பிட்டுப் பாத்துட்டேன். அந்தப் பக்கத்துல அன்செல்மோன்னு யாரும் குரல் குடுக்கல."

"அப்ப உயிரோட இருக்கான்!"

"அவசரப்படாதம்மா. தூரத்துல சாகறவங்க வந்துசேர நாள் பிடிக்கும். நடுவுல கடல் இருக்கு. இருக்கான்னும் நான் சொல்லமாட்டேன், இல்லைன்னும் சொல்லமாட்டேன். ஊத்தறதா வேண்டாமான்னு பெத்தவதான் சொல்லணும்."

பெர்ஃபெக்டா ஊற்ற மாட்டேன் என்றாள். ஊற்றினால் அவன் செத்துவிட்டான் என்று அவளே தன் கையால் எழுதிக் கொடுத்த மாதிரி. உயிரோடு இருந்தால், அந்தத் தண்ணீரே அவனைக் கொன்றுவிடும் என்பார்கள். ஊற்றாவிட்டாலோ, செத்துப்போன பிள்ளை எரிகிற உடம்போடு வாசலில் நிற்கிறது, ஒரு வாளித் தண்ணீருக்குத் தாய் யோசிக்கிறாள். எட்டு மாதம் இப்படி இரண்டுக்கும் நடுவே அல்லாடினாள். நடந்து நடந்து அவள் வீட்டைச் சுற்றி முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்தது. ஒரு தடவை குதேலியாவின் கோழி அதில் விழுந்து ஏற முடியாமல் கத்தியது. குதேலியா லா சேய்பா டாக்டரிடம் போய் மஞ்சள் மாத்திரை வாங்கி வந்தாள், கால் வற்றவில்லை. குற்றம் எல்லாம் பெர்ஃபெக்டா மேல்.

இதற்கிடையே, 1990 ஆகஸ்டோடு மொட்டை வால் நின்றுபோனது. இரண்டு மாதம், நாலு மாதம், ஆறு மாதம் அவள் வாதாமரத்தடியில் போய்ப் பார்த்தாள். மற்றவை வந்தன, அது வரவில்லை. எந்த ஊரிலோ, எந்தக் கண்ணாடிப் பெட்டியிலோ செத்துவிட்டது. அன்று திரும்பி வந்து குதேலியாவின் வாசலில் நின்று, "ஊத்திடுவோம்" என்றாள். குதேலியா எட்டு மாதமாகக் கேட்டது அதைத்தான். ஆனால் காதில் விழுந்ததும் அவள்தான் முதலில் வாய்விட்டு அழுதாள்.

1991 மார்ச்சில், விடிந்தும் விடியாத வேளையில் குழி தோண்டி ஓலைத் தட்டி கட்டினார்கள். அவன் விட்டுப்போன நீலச் சட்டையைக் கம்பில் மாட்டி, பக்கத்தில் புது சோப்பும் துண்டும் வைத்தார்கள். பெர்ஃபெக்டா முதல் தண்ணீரை ஊற்றினாள். பாதி அவள் காலில் விழுந்தது. "குளிச்சுக்கோடா ராசா. அம்மா லேட்டாக்கிட்டேன், மன்னிச்சுக்கோ." குதேலியா கடல்தண்ணீரை ஊற்றினாள். மரவள்ளித் தண்ணீரை மறுபடி பெர்ஃபெக்டா. மணல்திட்டில் குழித்தண்ணீர் கண்மூடித் திறப்பதற்குள் உள்ளே இறங்கிவிடும். இது இறங்கவில்லை. விளிம்பு வரை நின்றது. மேலே நுரை கட்டியது, சோப்போ பிரிக்காமல் காகிதத்துக்குள்ளேயே இருந்தது. சபீனோ குனிந்து கையை விட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது.

"நிறுத்துங்க" என்றார். கையை வெளியே இழுத்துக்கொண்டார். "செத்தவங்க குளிச்ச தண்ணி நிக்காது. இது உடம்புச் சூடு. இவன் இருக்கான்."

பெர்ஃபெக்டா கத்திய கத்தலில் கடலில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கரைக்கு வந்துவிட்டார்கள். குழித்தண்ணீரை இரண்டு கையாலும் வாரி வாரி வெளியே கொட்டினாள். "நானே கொன்னுட்டேனே! பாம்பையெல்லாம் பிடிச்சுக் குடுத்த கை, பெத்த பிள்ளையையும் குடுத்துருச்சே!" அன்றிலிருந்து அவள் யாரோடும் பேசவில்லை. குதேலியா வாழைக்காயை இடித்து, தேங்காய்ப்பால் மீன்குழம்போடு கொண்டுவந்து வைப்பாள், மறுநாள் எடுத்துப்போய் நாய்க்குப் போடுவாள். கனவும் நின்றுவிட்டது. கனவு நின்றது நல்லதா கெட்டதா என்று சபீனோவுக்கே தெரியவில்லை. அவர் மூன்று வாரம் ஒரு என்ஜினையும் தொடவில்லை.

பத்தொன்பதாம் நாள் காலை அவள் தோணியை எடுத்துக்கொண்டு பெரிய தீவுக்குப் போனாள். போனது எதற்கு என்று அவள் சொன்னதில்லை, நாமும் கேட்க வேண்டாம். வாதாமரத்தின் தாழ்ந்த கிளையில் ஒரு மனிதத் தோல் தொங்கிக்கொண்டிருந்தது.

உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரே துண்டு, எங்கும் கிழிசல் இல்லை. வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசு, வெளிச்சம் ஊடுருவியது. பாம்பு கழற்றுவது போலவே உள்பக்கம் வெளியே திரும்பியிருந்தது. திருப்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இடது முட்டியில் பிறைத் தழும்பு, ஒன்பது வயதில் படகு என்ஜின் விசிறி வெட்டியது. இரண்டாம் கால்விரல் பெருவிரலைவிட நீளம். வலது முன்கையில் அவள் அறியாத ஒரு தீக்காயம், அடுப்படி வேலை செய்கிறவர்களுக்கு விழுவது. வயிறு நன்றாக முன்னுக்கு வந்திருந்தது. அவள் மரத்தடியில் உட்கார்ந்து, தோலை மடியில் போட்டுக்கொண்டு, தோள், முதுகு, காது மடல் என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். பிறகுதான் கோபம் வந்தது. அந்தத் தீவில் எலிகளுக்கெல்லாம் கேட்கிற மாதிரி மரத்தைப் பார்த்துத் திட்டினாள்.

"தோலை உரிச்சு அனுப்பத் தெரியுது, நாலு வரி எழுதக் கை வரலையாடா, பாவி! எங்கேடா இருக்கே?"

திட்டுக்கு வந்ததும் குதேலியா தோலை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். "சோத்துக்குக் குறைவில்லை மதினி. தொப்பையைப் பாரு. எங்கண்ணனுக்கு ஒரு நாளாவது இப்படி வயிறு வந்துதா உன் சமையல்ல?" பெர்ஃபெக்டா பத்தொன்பது நாளுக்குப் பிறகு மனுஷரோடு வாய் திறந்து சொன்னது, "உன் கால் வீக்கம் வத்தலையே, அப்ப அதைப் பிடிச்சுட்டிருக்கிறது யாரு?" என்பதுதான். டாக்டர் அப்புறம் அது உடம்பில் உப்புக் கூடியதால் வந்த வீக்கம் என்று சொன்னார்.

சபீனோ யோசித்து ஒரு விளக்கம் சொன்னார். செத்தவனுக்கு ஊற்றினால் அழுக்குப் போகும். இருக்கிறவனுக்கு ஊற்றினால் தோல் கழன்றுகொள்ளும். பாம்பு சட்டை உரிக்குமுன் தண்ணீரில் ஊறிக் கிடப்பதில்லையா? யாருக்கும் இதைவிட நல்ல விளக்கம் தோன்றவில்லை. அடுத்த மார்ச்சிலும் பெர்ஃபெக்டா குழி தோண்டினாள், தண்ணீர் நின்றது, தோல் வந்தது. அதற்கடுத்த வருஷம் பிள்ளையோ புருஷனோ பிராங்ஸில் இருக்கிற இன்னும் பதினாறு வீட்டில் தோண்டினார்கள். இரண்டு வீட்டில் தண்ணீர் உடனே இறங்கிவிட்டது; அங்கே ஒன்பது நாள் துக்கம் முறையாக நடந்தது. ஒருத்திக்குப் புருஷனின் தோலில், மார்புக்கு நடுவே, பச்சை குத்திய வேறொரு பெண்ணின் பெயர் வந்தது. அவள் அதைச் சுருட்டித் தபாலில் அவனுக்கே அனுப்பிவிட்டாள். அதன்பிறகு திட்டில் கடிதத்துக்கு யாரும் காத்திருப்பதில்லை.

1993இல் அரசாங்கம் தீவுகளில் பாம்பு பிடிக்கத் தடை போட்டது. தலைநகரத்திலிருந்து ஒரு பாம்பு ஆராய்ச்சிக்காரி வந்தாள். விட்டத்துக் கட்டுகளை அளந்து நோட்டில் எழுதினாள், பக்கத்துக் கயிற்றில் காய்ந்த மனிதத் தோலைக் கண்டு நோட்டை மூடினாள், மீன்குழம்பை மட்டும் நன்றாகச் சாப்பிட்டாள். மறு வருஷம் மேட்டுக்காட்டில் சுண்டுவிரல் தடிமனில் ஒரு குட்டிப் பாம்பைப் பார்த்ததாக விறகுக்குப் போன ஒருத்தி சொன்னாள். எங்கிருந்து வந்தது என்று தெரியாது. பெர்ஃபெக்டா தோணியில் போய், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

1996 ஏப்ரலில் வாதாமரத்தில் அன்செல்மோவின் தோல் வழக்கம்போலத் தொங்கியது. தலை உச்சியில் மயிர்க்கால்கள் குறைந்திருந்தன. அதன் மார்போடு ஒட்டிக்கொண்டு இன்னொரு தோல் இருந்தது, ஒரு முழ நீளத்துக்கு. பத்து விரலும் இருந்தன. பெர்ஃபெக்டா அதை மெல்லப் பிரித்து உள்ளங்கையில் ஏந்தினாள். காற்று அதற்குள் புகுந்து உப்பவைத்தது. உப்பியபோது வயிறும் கன்னமும் தெரிந்தன, அடங்கியபோது அவள் உள்ளங்கையில் ஒன்றுமே இல்லாதது போல் கிடந்தது. அதை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு ஒரு கையால் துடுப்புப் போட்டு வந்தாள். தோணி வட்டமடித்து வட்டமடித்து வந்துசேர மத்தியானம் ஆகிவிட்டது.

"இது எங்கண்ணன் காது" என்றாள் குதேலியா, பார்த்த மாத்திரத்தில்.

"கண்ணைத் தொடைச்சுட்டுப் பாரு. எங்கப்பா காது."

"பொண்ணா பையனா?"

"பொண்ணு. வாயை மூடிட்டுத் தள்ளி நில்லு, உன் மூச்சுக்காத்துல கிழிஞ்சிரப் போகுது."

மறு வருஷம் அது ஒரு சாண் வளர்ந்திருந்தது. இரண்டு முட்டியிலும் தோல் தேய்ந்து ஓட்டையாக இருந்தது. தவழ்கிறது என்றாள் குதேலியா. நடக்க ஆரம்பித்து விழுந்திருக்கிறது என்றாள் பெர்ஃபெக்டா. அன்று சாயங்காலம் வரை அதற்குத்தான் சண்டை.